முடிவு தெரிந்த ஆட்டம்

மகன்,

"அப்பா, அது வெறும் விளையாட்டு. ஒரு விளையாட்டுக்காக ஒரு மனிதருடைய பல்லை உடைத்தீர்கள். பத்து வருஷமாகியும் உங்களுக்கு வெட்கமில்லை." போன மாதம் எங்கள் கிங்ஸ்பரி வீட்டுக் குசினியில், அம்மா தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது, நீ ஆங்கிலத்தில் சொன்னது இது. நான் வாய் திறக்கவில்லை. பதில் இல்லாமல் அல்ல. ஆங்கிலத்தில் எனக்குப் பெற்றோல் விற்கத் தெரியும், கவுன்சிலோடு சண்டை பிடிக்கத் தெரியும். இதைச் சொல்லத் தெரியாது. ஆகவே தமிழில் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் வாசிக்க வராது. நீ கட்டப்போகிற தர்சினிக்கு வரும். அவள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஒழுங்காகப் படித்தவள். அந்தப் பள்ளியை நடத்தியவர்களில் அவளுடைய தகப்பன் ஞானமும் ஒருவன். தன் தகப்பனைப் பற்றி நான் எழுதுவதை அவளே தன் வாயால் உனக்கு வாசிக்கட்டும். இடையில் நிறுத்தினால், நிறுத்தாதே என்று சொல். முடித்தபின் இதை யாருக்கு வேண்டுமானாலும் காட்டுங்கள். மண்டபத்தில் மைக் பிடித்து வாசித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஞானத்தை இந்தக் கடிதம் முழுக்க அவன் என்றுதான் எழுதப்போகிறேன். அது மரியாதைக் குறைவு என்று தர்சினி சொல்வாள். சரியாகத்தான் சொல்வாள். நீயும் அவளும் எங்களுடைய பகையை ஒரு பகிடிக் கதையாக நண்பர்களுக்குச் சொல்லித் திரிகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். டூட்டிங்கில் ஒரே வீட்டில் இருந்த இரண்டு யாழ்ப்பாணத்து மனிதர்கள், ஒருவரும் பார்க்காத ஒரு அவுஸ்திரேலியப் பந்தாட்டத்துக்காக அடிபட்டார்கள் என்பது கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அந்தக் கதையை நானும் திருத்தவில்லை, அவனும் திருத்தவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். இப்போது திருத்துகிறேன். நீ கலியாணம் கட்டமுன் உனக்கு நான் தருகிற புத்திமதி எல்லாம் இதற்குள்தான் இருக்கிறது, தேடி எடுத்துக்கொள்.

அந்த வீடு உனக்கு நினைவிருக்கும். கீழே நாங்கள், மேலே அவர்கள். குசினியும் முன்னறையும் பொது. முன்னறையில்தான் டீவி. அம்மாவும் தர்சினியின் தாயும் ஒரே அடுப்பில் மாறி மாறிச் சமைத்தார்கள், ஒரு நாளும் பிணங்கவில்லை. நான் பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட். ஞானம் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றினான். அது அவனுடைய பகல் வேலை. உண்மையான வேலை, ஊரில் ஆயுதத்தோடு நின்ற ஒரு இயக்கத்துக்கான வேலை. கூட்டம் கூட்டுவது, பணம் சேர்ப்பது, பேப்பர் விற்பது. லண்டனில் இருந்துகொண்டே யாழ்ப்பாணத்தில் யாரோடு பேச வேண்டுமோ அவரோடு பேசுவான். எனக்கு அந்த இயக்கத்தோடு ஒட்டு இல்லை. உன் சித்தப்பா ரவி ஒரு காலத்தில் வேறொரு இயக்கத்தில் இருந்து, வெறுத்து விலகி, கொக்குவிலில் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுத்துக்கொண்டிருந்தான். ரவி சண்டையில் செத்தான் என்றுதான் உனக்குச் சொல்லி வளர்த்தோம். சண்டையில் சாகவில்லை.

அந்த வருஷம் பங்குனிக் கடைசியில் கொழும்பிலிருந்து போன் வந்தது. ரவியை ரியூசன் கொட்டிலில் வைத்து, பிள்ளைகளுக்கு முன்னால், விசாரணைக்கு என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கூட்டிக்கொண்டு போனவர்கள் ஞானத்தின் ஆட்கள். நான் போனை வைத்த கையோடு மாடிக்கு ஏறினேன். அதுவரை அவனும் நானும் குசினியில் தலையாட்டிக்கொள்கிற அளவுக்குத்தான் பழக்கம். அவன் கட்டிலில் இருந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். சொன்னேன். ஊசியைச் சட்டையில் குத்திவிட்டு எழும்பினான்.

"விசாரிச்சுப்போட்டு விட்டிடுவினம் அண்ணை. விலகின ஆக்களை ஒருக்காக் கூப்பிட்டுக் கதைக்கிறது வழமைதான். நீங்கள் பயப்பிடாதைங்கோ."

"நீர் ஒருக்காக் கதைச்சுப் பார்ப்பீரோ ஞானம்?"

"கதைக்கிறன். கட்டாயம் கதைக்கிறன்."

இரண்டு நாளில் திரும்பி வந்து சொன்னான்: "இருக்கிறார் அண்ணை. சுகமா இருக்கிறார்." அம்மா அவன் கையைப் பிடித்து அழுதாள். அன்றிலிருந்து நான் அவனுக்கு வாலாட்டத் தொடங்கினேன். வேறு சொல் இல்லை. உன் சித்தப்பாவின் உயிர் அவன் போனில் தொங்கியது. அதனால் அவன் எதை விரும்பினானோ அதை நானும் விரும்பினேன். அவன் விரும்பியது அந்தப் பந்தாட்டம்.

மெல்பேணில் இருந்த அவனுடைய மச்சான் ஒருவன் மண்ணிறமும் மஞ்சளுமாக ஒரு கழுத்துத்துணி அனுப்பியிருந்தான். அதுதான் அவனுடைய அணி. அங்கே ஆடிய ஆட்டத்தை வெட்டி ஒட்டி ஒரு கிழமை பிந்தி வாரத்துக்கு ஒரு தரம் இங்கே டீவியில் காட்டினார்கள். அவன் அதற்காகவே ஷிப்ட் மாற்றுவான். நான் பார்க்கத் தொடங்கியபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முட்டை வடிவப் பந்து, முட்டை வடிவ மைதானம். கையில்லாத சட்டையும் குட்டைக் காற்சட்டையும் போட்டவர்கள் ஒருவன் தோளில் ஒருவன் ஏறிப் பந்தைப் பிடித்தார்கள். இரண்டு பக்கமும் நாலு நாலு கம்பம். நடுக் கம்பங்களுக்குள்ளால் உதைத்தால் ஆறு புள்ளி, ஓரக் கம்பங்களுக்குள்ளால் போனால் ஒன்று. கோல் விழுந்தால், வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்ட ஒருவர் மருந்துக்கடைக்காரர் மாதிரி முன்னுக்கு வந்து இரண்டு சுட்டுவிரலையும் நீட்டுவார், பிறகு கொடி அசைப்பார். அவரைப் பார்த்து நீ உருண்டு உருண்டு சிரிப்பாய். உனக்கு உடனே பிடித்துவிட்டது. நீலமும் வெள்ளையும் கோடு போட்ட சட்டைக்காரர்களை நீ எடுத்துக்கொண்டாய், அவர்களுடைய முன்வரிசை ஆட்டக்காரன் ஒருவன் பறந்து பிடித்ததைப் பார்த்து. நீ எடுத்ததால் அது என்னுடைய அணியும் ஆயிற்று. மண்ணிற அணியை நானும் எடுத்திருந்தால் வாலாட்டல் முழுமையாகி இருக்கும். அந்த அளவுக்கு மட்டும் எனக்குள் ஏதோ மிச்சம் இருந்தது.

சித்திரை, வைகாசி, ஆனி. லண்டனில் கோடை வந்தது. ஒவ்வொரு கிழமையும் ஆட்டம் தொடங்கமுன் நான் டீவியைப் போட்டு, அவனுடைய கதிரையை நல்ல இடத்தில் இழுத்துவிட்டு, அம்மாவைக் கொண்டு அவனுக்குப் பிடித்த கணவாய்க் கறி வைப்பித்துக் காத்திருப்பேன். ஆட்டத்துக்கு நடுவில் கேட்கமாட்டேன். அவனுக்கு எரிச்சல் வரக்கூடாது. முடிந்தபின், ஏதோ தற்செயலாக நினைவு வந்தவன் மாதிரி கேட்பேன்.

"ரவீன்ரை பக்கம் ஏதும் கேள்விப்பட்டீரோ?"

"இருக்கிறார் அண்ணை. இடம் மாத்தியிருக்கினம் போல."

அவனுடைய கூட்டங்களுக்கு நான் போனேன். மண்டபத்தில் கதிரை அடுக்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் டூட்டிங் கடைவாசல்களில் நின்று அவர்களுடைய பேப்பரை விற்றேன். மழையில் பேப்பர் நனையாமல் என்னுடைய கோட்டால் மூடிக்கொண்டு நின்றேன். நீயும் சில நாள் கூட நின்றாய். உனக்கு அது விளையாட்டு. தெரிந்த மனிதர்கள் என்னை விநோதமாகப் பார்த்தார்கள். ரவியின் அண்ணன் இந்தப் பேப்பரை விற்கிறானா என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும், ரவி வந்தால் போதும் என்று இருந்தேன்.

வைகாசி பிறக்கிற கையோடு ஒரு ஆட்டம் காட்டினார்கள், நீ மறந்திருக்கமாட்டாய். உன் நீலக்காரர்களும் அவனுடைய மண்ணிறக்காரர்களும் மோதினார்கள். எங்களுடையவர்கள் எட்ட முடியாத தூரத்தில் முன்னுக்கு நின்றார்கள். பிறகு மற்றவர்கள் ஒன்று ஒன்றாக அடித்து வந்து கடைசியில் தாண்டி வென்றார்கள். நீ அழுதுவிட்டாய். அவன் உன் தலையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னான்: "பாத்தீங்களே அண்ணை, முடிஞ்சுது எண்டு நினைக்கிறது முடியிறேல்லை. ரவியும் ஒருநாள் வந்து கதவைத் தட்டுவார்." அந்த ஒரு வாக்கியத்தில் நான் ஒரு மாதம் உயிர் வாழ்ந்தேன். அதை அம்மாவுக்கு எத்தனையோ தரம் திருப்பிச் சொன்னேன். மகன், அந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள். ஒரு மனிதனால் இன்னொரு மனிதனுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் செய்ய முடியுமா என்று நான் இன்றைக்கும் யோசிக்கிறேன்.

புரட்டாசி பிறந்தது. அந்த இரண்டு அணிகளுமே இறுதி ஆட்டத்துக்கு வந்தன. ஆட்டம் மெல்பேணில் நடந்து ஒரு கிழமைக்குப் பிறகுதான் இங்கே காட்டப்போகிறார்கள். அந்தக் கிழமை முழுக்க, முடிவு யார் வாயிலிருந்தும் காதில் விழுந்துவிடக் கூடாது என்று நீ காதைப் பொத்திக்கொண்டு திரிந்தாய். நானும் ஞானமும் உனக்குச் சத்தியம் செய்தோம், கேள்விப்படமாட்டோம், கேள்விப்பட்டாலும் சொல்லமாட்டோம் என்று. அவன் உன் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

அன்றைக்கு அவன் தன் பொடியன்கள் இரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தான், அவனோடு பேப்பர் விற்கிறவர்கள். முன்னறையில் இருக்க இடமில்லை. அவன் கழுத்துத்துணியோடு தன் கதிரையில் இருந்தான். நீ டீவிக்கு முன்னால் தரையில். தர்சினி படிக்கட்டில் ஒரு புத்தகத்தோடு.

அப்படி ஒரு ஆட்டத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. நடுவர் பந்தை நிலத்தில் ஓங்கி அடித்து எழுப்பிய உடனேயே எங்களுடைய ஆள் ஒருவன் ஓடிவந்து அவர்களுடைய ஆளைக் கொம்பு மாடு முட்டுவது போல முட்டிச் சாய்த்தான். விழுந்தவன் மூச்சு எடுக்க முடியாமல் முழங்காலில் நின்றான். ஆனால் வெளியே போகவில்லை. பந்து எங்கேயோ இருக்க, ஆட்கள் ஆட்களைத் தேடி அடித்தார்கள். கையை, விலாவைப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள். ஆனாலும் மண்ணிற அணி முதல் கால்பகுதியிலேயே எட்டாத தூரம் போய்விட்டது. பொடியன்கள் கத்தினார்கள். ஞானம் கத்தவில்லை. மெல்லிய சிரிப்போடு கால்மேல் கால் போட்டுக்கொண்டு இருந்தான். அவனுடைய அணி வெல்கிற நேரத்தில் வழக்கமாக அவன் கதிரையில் இருக்கமாட்டான், எழும்பித் துள்ளுவான். அதை நான் அப்போது கவனித்தேன், காரணம் யோசிக்கவில்லை.

கடைசிக் கால்பகுதியில் எங்களுடையவர்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு கோல். இன்னொரு கோல். உன்னுடைய அந்த முன்வரிசைக்காரன் அந்த ஆட்டம் முழுக்கத் தனி ஆளாக ஒன்பது கோல் அடித்தான். நீ தரையில் முழங்காலில் நின்று கத்தினாய். எனக்கு என்ன நடந்தது என்று தெரியாது, நானும் எழும்பி நின்று கத்தினேன். எனக்குப் பந்தாட்டம் அல்ல அது. முடிந்தது என்று நினைப்பது முடிவதில்லை என்று அவன் சொன்னது என் காதுக்குள் நின்றது. இவர்கள் தாண்டினால் ரவி வருவான் என்று நான் எனக்குள் பந்தயம் கட்டிவிட்டேன். சிரிக்காதே. ஆறு மாதம் வாலாட்டினவனுக்கு மூளை அப்படித்தான் வேலை செய்யும். நான் ஞானத்தின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "பாரும் ஞானம், வாறாங்கள் பாரும்!" என்றேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஓம் அண்ணை, விடமாட்டினம் போலைதான் கிடக்கு" என்றான்.

கதவடியில் நின்ற பொடியனுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "ஏன் அண்ணை வீணாத் துள்ளுறியள்? ஞானமண்ணைக்குப் போன கிழமையே தெரியும் ஆர் வெண்டதெண்டு. மெல்பேணிலை இருந்து மச்சான் போன் எடுத்தவர்."

"சும்மா இரடா" என்றான் ஞானம்.

அவ்வளவுதான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் உடனே டீவியைப் பார்த்தான். முடிவு தெரிந்துகொண்டு, உன்னுடைய கையில் அடித்துச் சத்தியம் செய்துகொண்டு, என்னுடைய கறியைத் தின்றுகொண்டு, நாங்கள் இருவரும் நம்பிக் கத்துவதை அவன் மெல்லிய சிரிப்போடு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். ஒவ்வொரு கிழமையும் 'இருக்கிறார் அண்ணை' என்று சொல்லும்போது அவன் முகத்தில் இருந்தது அதே சிரிப்பு.

நான் அவனுக்குப் பக்கத்தில் குந்தினேன். டீவி அலறிக்கொண்டிருந்தது, நீ முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாய். அவனுடைய காதுக்குள் கேட்டேன்.

"தம்பி எப்ப செத்தவன்?"

அவன் கால்மேல் போட்டிருந்த காலை எடுத்துக் கீழே வைத்தான்.

"ஞானம், எப்ப?"

"சித்திரையிலை அண்ணை" என்றான். "வருஷப்பிறப்பு முடிஞ்ச கையோடை."

டீவியில் ஆட்டம் முடிகிற சங்கு ஊதியது. ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் எங்களுடையவர்கள் தோற்றார்கள். நீ "ஐயோ" என்றாய். அந்த நேரம்தான் நான் அடித்தேன். அதுவரை அவனை நீர் என்றே கூப்பிட்டு வந்தவன், அன்றைக்கு நீ என்றேன். அதற்கு மேலும் சொன்னேன், அதைத் தர்சினி வாசிக்க வேண்டாம் என்பதற்காக இங்கே எழுதவில்லை. அவன் தடுக்கவில்லை. முதல் அடியில் கதிரையோடு சாய்ந்தான், இரண்டாவதில் பல் போயிற்று. பொடியன்கள் என்னைப் பிடித்து இழுத்தார்கள். நீ திரும்பிப் பார்த்தது அந்த இடத்தில்தான். தோற்ற கோபத்தில் அப்பா அடிக்கிறார் என்று நினைத்தாய். தர்சினியும் படிக்கட்டில் இருந்து பார்த்து அதையேதான் நினைத்தாள். வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி என்று நான் கடைவாசலில் நின்று விற்ற ஒவ்வொரு பேப்பரும் ரவி மண்ணுக்குள் போனபின் விற்றது என்று உங்களுக்கு யார் சொல்வார்கள்?

பக்கத்து வீட்டுக்காரி பொலிசைக் கூப்பிட்டுவிட்டாள். இரண்டு பேர் வந்தார்கள். என்னுடைய அகதி வழக்கு அப்போது முடியவில்லை; என்மேல் ஒரு வழக்கு விழுந்தால் என்ன நடக்கும் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வாயில் துவாயைப் பொத்திக்கொண்டு ஞானம் அவர்களுக்கு முன்னால் வந்து நின்று, படியில் தவறி விழுந்ததாகச் சொன்னான். அவர்கள் நம்பவில்லை. மூன்று தரம் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். அவன் படி, படி என்றே நின்றான். நீ இதைக் கேட்டதும் என்ன சொல்வாய் என்று தெரியும்: பாருங்கள் அப்பா, அவர் உங்களைக் காப்பாற்றினார். ஓம், காப்பாற்றினான். அதற்காக அவனை நான் இன்னும் கூடுதலாக வெறுத்தேன். தன்னை முழுதாக வெறுக்கவும் அவன் எனக்கு இடம் வைக்கவில்லை.

அந்த மாதமே நாங்கள் கிங்ஸ்பரிக்கு வந்துவிட்டோம். நான் உண்மையை யாருக்கும் சொல்லவில்லை. டூட்டிங்கில் ஒரு கடையில் வாய் விட்டால் அது யாழ்ப்பாணத்துக்குப் போய்ச் சேர அதிக நேரம் எடுக்காது. அங்கே என் அக்கா இருந்தாள், அவளுக்கு வளர்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். ரவிக்கு நடந்தது அவர்களுக்கும் நடக்கலாம். அதனால் பந்தாட்டச் சண்டை என்ற கதை எனக்கு வசதியாக இருந்தது. அவனுக்கும் வசதியாக இருந்தது. ஊரே சிரித்தது. வெஸ்ட் ஈலிங் கோயில் தேருக்குப் போனால் அவன் ஒரு பக்கத்தால் வர நான் மறு பக்கத்தால் போவேன். சனங்கள் முழங்கையால் இடித்துச் சிரிப்பார்கள். போன வருஷம்தான் அக்கா குடும்பம் கனடா போய்ச் சேர்ந்தது. இனி எனக்கு ஒளிக்கக் காரணம் இல்லை.

பிறகு நீயும் தர்சினியும் யூனிவர்சிட்டியில் மறுபடி கண்டுகொண்டு விரும்பினீர்கள்; நீ என் குசினியில் வந்து நின்று 'வெறும் விளையாட்டு' என்றாய். நீ கோபித்துக்கொண்டு போன அடுத்த ஞாயிறு, அவன் வந்தான். உனக்குத் தெரியாது, உனக்குச் சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அம்மாதான் கதவைத் திறந்தாள். அவனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. கட்டின பல், சிரித்தால் தெரிகிறது. கையில் பழக்கூடை.

"உள்ளை வரலாமோ அண்ணை?"

"வந்திட்டீர். இரும்."

"பிள்ளையள் விரும்பீட்டினம்..."

"அதைக் கதைக்க நீர் வரேல்லை. மற்றதைக் கதையும்."

அவன் கூடையைக் கீழே வைத்தான். அம்மா போகாமல் வாசலிலேயே நின்றாள்.

"ஒவ்வொரு கிழமையும் இண்டைக்குச் சொல்லுவம் எண்டுதான் கீழை இறங்கி வந்தனான் அண்ணை. நீங்கள் டீவியைப் போட்டிட்டு எனக்குக் கதிரையை இழுத்து விடுவியள். பெடியன் வந்து பக்கத்திலை இருப்பான். வாய் வரேல்லை. அடுத்த கிழமை எண்டு நினைப்பன். அப்பிடியே சீசன் முடிஞ்சு போச்சு."

"எனக்குப் பேப்பர் கட்டைத் தந்து விக்கச் சொல்ல வாய் வந்தது தானே?"

அவன் பழக்கூடையைக் கையால் ஓரமாகத் தள்ளினான். "அதுக்கு என்னட்டைப் பதில் இல்லை" என்றான்.

இரக்கத்தால் மறைத்தானா, பயத்தால் மறைத்தானா, என்னால் கிடைத்த உதவிக்காக மறைத்தானா என்று எனக்கு இன்றும் தெரியாது. அவனுக்கும் தெரியாது போலத்தான் இருந்தது. அதைக் கண்டுபிடித்து எனக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை. உனக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். தர்சினிக்கு ஒரு கெட்ட சேதி வந்து அது உன் கையில் கிடைத்தால், அன்றைக்கே, அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், சொல்லிவிடு. அழட்டும், உன்னை அடிக்கட்டும். சேதியை வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிக்காதே. பிறகு, அவள் நம்பி இருந்த ஒவ்வொரு நாளுக்கும் உன்னிடம் கணக்குக் கேட்பாள், உன்னால் கொடுக்க ஏலாது.

அவன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். மன்னிப்பு எனக்கு வேண்டாம். வேறொன்று வேண்டும் என்றேன். பெண் வீட்டார் அடிக்கிற கலியாணக் கார்டில் என் தம்பியின் பெயர் வர வேண்டும்.

அவனுக்கு விளங்கியது. பெண் வீட்டுக் கார்டு அவனுடைய ஆட்களிடம் போகும். அந்த ஆட்களுக்கு ரவி ஒரு துரோகி. துரோகி என்று தங்கள் இயக்கமே சுட்டுக் கொன்றவனின் பெயரைக் கலியாணக் கார்டில் போட்டு, மஞ்சள் தடவி, வீடு வீடாகத் தன் கையால் கொடுக்க வேண்டும்.

"அப்பிடிப் போட்டால் எங்கட ஆக்கள் ஒருத்தரும் வரமாட்டினம் அண்ணை."

"உமக்கு ஆக்கள் வேணுமோ, பிள்ளையின்ரை கலியாணம் வேணுமோ?"

"என்னைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தாலையும் எடுத்துப்போடுவினம்."

"எடுக்கட்டும்."

எழும்பிப் போய்விட்டான். பழக்கூடையைத் திருப்பிக் கொண்டுபோகச் சொன்னேன், அம்மா விடவில்லை. அவன் செய்யமாட்டான் என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், செய்யக் கூடாது என்று விரும்பினேன். செய்யாவிட்டால் கலியாணத்துக்கு வராமல் இருக்க எனக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்திருக்கும்.

கார்டு வந்துவிட்டது. உன்னிடமும் ஒன்று இருக்கும், நீ படத்தைப் பார்த்துவிட்டு வைத்திருப்பாய். தர்சினியை வாசிக்கச் சொல். மணமகன் என்று உன் பெயருக்குக் கீழே, எங்களுடைய மகன் என்று எழுதிய பிறகு, 'காலஞ்சென்ற ரவீந்திரனின் பெறாமகன்' என்று இருக்கிறது. பெறாமகன் என்றால் தான் பெறாவிட்டாலும் மகன் முறையானவன். தமையனுடைய பிள்ளையைத் தம்பி அப்படித்தான் சொல்வான். சின்ன எழுத்தில் ஒளித்துப் போடவில்லை. மற்றப் பெயர்களுக்கு எந்த எழுத்தோ அதே எழுத்து. அவன் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். தர்சினியின் தாய் அம்மாவுக்குப் போனில் சொல்லி அழுதாளாம்: வாசலிலேயே வாங்கி வாசித்துவிட்டுத் திருப்பிக் கையில் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள், கிழித்துத் தபாலில் அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். அவனோடு பல வருஷம் பேப்பர் விற்றவர்கள் இப்போது றோட்டில் கண்டால் மற்றப் பக்கம் மாறுகிறார்களாம். பள்ளிக்கூடத்திலிருந்தும் எடுத்துவிட்டார்கள். சேதி கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு நாள் முழுக்க சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகு இருக்கவில்லை, ஏன் என்று என்னைக் கேட்காதே.

ஆகவே வருகிறேன். சம்பந்தி என்று அவனைக் கட்டிப்பிடிக்கமாட்டேன். படத்துக்கு நிற்கச் சொன்னால் நிற்பேன், அவனுக்குப் பக்கத்தில் அல்ல. கதைக்க வந்தால் எழும்பிப் போவேன். நீ மணவறையிலிருந்து பார்க்கும்போது பெண் வீட்டார் பக்கம் வரிசை வரிசையாகக் கதிரைகள் வெறுமையாக இருக்கும். மழை என்றோ, ட்ரெயின் ஓடவில்லை என்றோ யாராவது சொன்னால் நம்பாதே. ஏன் வெறுமை என்று இப்போது உனக்குத் தெரியும். தாலி கட்டி முடிந்ததும் நானும் அம்மாவும் எழும்பி அந்தப் பக்கம் போய் முன்வரிசையில் இருப்போம். எங்களைப் பார்த்துச் சிரிக்காதே, சமாதானம் ஆகிவிட்டது என்று தர்சினிக்குச் சொல்லாதே. ரவியின் பெயரைப் போட்டதால் அந்தக் கதிரைகள் காலியாயின. அங்கே ரவியின் ஆட்கள் இருக்க வேண்டும். லண்டனில் அவனுக்கு இருக்கிற ஆட்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

அப்பா